எஃப்1 டிவி: வாதாடும் முன் டைமிங் திரையைப் பாருங்கள்

பாதி சீசன் ஓடியதும் "ஓட்டுநர் தப்பா, டீம் தப்பா" என்ற சண்டை தொடங்கிவிடும். அதற்கு ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் அதிகாரப்பூர்வ ஸ்ட்ரீமிங் சேவையான எஃப்1 டிவியின் லைவ் டைமிங் திரையைவிட (ஓட்டுநர்களின் நேரங்களையும் இடைவெளிகளையும் உடனுக்குடன் காட்டுவது) நல்ல சாட்சி கிடையாது. ஆக்சஸ் என்ற அடிப்படைச் சந்தாவிலேயே அது கிடைக்கிறது. பந்தயத்தை நேரலையில் பார்க்க அதற்கு மேலான சந்தா வேண்டும்.

2024 ஹங்கேரி பந்தயத்தின் முழுப் பதிவைப் போட்டுப் பாருங்கள். மெக்லாரன் டீம் தன் இரு ஓட்டுநர்களில் இரண்டாவதாக ஓடிய நாரிஸை 45ஆம் சுற்றிலும், முதலில் இருந்த பியாஸ்ட்ரியை 47ஆம் சுற்றிலும் டயர் மாற்ற பிட்டுக்கு அழைத்தது. புது டயரில் கூடுதலாக இரண்டு சுற்று ஓடியதுதான் நாரிஸை முன்னே தள்ளியது. டிராக்கில் அவர் முந்தவே இல்லை. அதனால் 68ஆம் சுற்றில் இடத்தைப் பியாஸ்ட்ரிக்குத் திருப்பித் தந்தது முழு நியாயம்.

திரையில் முதலில் பார்க்க வேண்டியது கார்களுக்கு இடையிலான இடைவெளி, அடுத்து டயர் எத்தனை சுற்று ஓடியது, அப்புறம்தான் செக்டர் (சுற்றின் மூன்று பகுதிகளில் ஒன்று) நிறம். ஊதா என்றால் எல்லாரிலும் வேகம், பச்சை என்றால் அவரவர் சிறந்த நேரம். புது டயர் மாட்டியவர் ஊதா போடுவது இயல்பு. பழைய டயரில் பச்சை வருகிறதா என்று பாருங்கள், திறமை அங்கேதான் தெரியும்.

ஒரு குறை: நேரலையில் படம் டைமிங்கைவிடப் பின்தங்கினால், முந்தும் காட்சி வருமுன்பே எண்கள் அதைச் சொல்லிவிடும். படத்தைப் பெரிய திரையிலும் டைமிங்கை ஓரத்திலும் வையுங்கள்.