வீடு கிளிநொச்சியில, நான் கொழும்பில, நடுவில ஒரு தண்ணி மோட்டர்

கனடாவில இருக்கிற கூட்டாளி ஒருத்தன் கிளிநொச்சியில வீடொண்டு வாங்கி வாடகைக்கு விட்டா சரிவருமோ, நீ செய்யிறாய்தானே, உள்ளதைச் சொல்லு மச்சான் எண்டு வைபரில கேட்டிருந்தவன். கேட்ட நேரம் சரியில்லை, மோட்டர் கொயில் கட்டின காசை அண்டைக்குத்தான் அனுப்பினனான். கோவத்தை ஒரு பக்கம் வைச்சிட்டு எழுதப் பாக்கிறன், இடையில தலைகாட்டினா குறை நினைக்காதேங்கோ.

வீடு கனகபுரம் பக்கம். ரெண்டு அறை, ஹோல், குசினி, ஓட்டுக்கூரை, சொந்தக் கிணறு. நான் இருக்கிறது வெள்ளவத்தையில. நல்லதுகள் இருக்கு, இல்லையெண்டு சொன்னா பொய். வீடு கனநாள் சும்மா கிடந்தது இல்லை. கச்சேரி (மாவட்டச் செயலகம்), பாங்க், ஆஸ்பத்திரி எண்டு மாற்றலாகி வாறவை, அறிவியல்நகரில யாழ் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம், விவசாய பீடம் எல்லாம் இருக்கிறபடியால் அங்க படிப்பிக்க வாறவை எண்டு ஆராவது கேட்டுக்கொண்டுதான் இருப்பினம். இதுக்குள்ள பாங்க்காரர்தான் தங்கம். வெள்ளி பின்னேரம் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனா திங்கள் விடியத்தான் வருவினம், சுவரில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் கேட்டுத்தான் அடிப்பினம், வாடகையைப் போட்ட கையோட ஸ்லிப்பைப் படமெடுத்து அனுப்பிப்போடுவினம். இப்ப இருக்கிற குடும்பமும் அப்பிடித்தான், காசு விசயத்தில ஒரு சொல்லுச் சொல்லேலாது. 2009இல சண்டை முடிஞ்ச பிறகு என்.ஜி.ஓ. ஆக்கள் வந்து குடுத்த வாடகையை மட்டும் நினைச்சுக்கொண்டு ஒருத்தரும் வரவேண்டாம், அது முடிஞ்ச கதை. ரோட்டும் நல்லம், 2013இல கிளிநொச்சிக்கு ரயிலும் திரும்ப வந்திட்டுது, கன பேர் யாழ்ப்பாணத்தில இருந்தே தினம் வந்து போகினம், பேந்தென்னெண்டு வாடகையை ஏத்திறது.

இப்ப மோட்டருக்கு வாறன்.

விடிய ஆறு மணிக்குப் போன் அடிச்சா எனக்கு ஹலோ சொல்ல முதலே விளங்கிப்போடும். "அண்ணை, மோட்டர் இரையுது, தண்ணி வருகுதில்லை." அவ்வளவுதான். பிள்ளை பள்ளிக்கூடம் போகவேணும், மனிசன் வேலைக்குப் போகவேணும், தாங்கியில சொட்டுத் தண்ணி இல்லை, நான் முந்நூறு கிலோமீற்றருக்கு அங்கால பல்லுத் தீட்டிக்கொண்டு நிக்கிறன்.

வன்னியில இருந்தவைக்கு விளங்கும், மற்றாக்களுக்காகச் சொல்லுறன். மேல வைக்கிற சாதாரண மோட்டர் தண்ணியை உறிஞ்சி எடுக்கிறதுக்கு ஒரு அளவு இருக்கு. கணக்குக்கு 33 அடி எண்டாலும் உண்மையில ஒரு 25 அடிக்குக் கீழ தண்ணி போனா அது காத்தைத்தான் இழுக்கும், எவ்வளவு விலை குடுத்து என்ன பிராண்ட் வாங்கினாலும் அதுதான். ஆடி, ஆவணி, புரட்டாதியில எங்கட கிணறு அந்த அளவுக்குக் கீழ இறங்கும். அப்ப என்ன செய்யிறது, கிணத்துக்குள்ள குறுக்கால மரம் போட்டு மோட்டரை அதில இறக்கி வைக்கிறது. சரி, தண்ணி வருது, எல்லாருக்கும் சந்தோசம். ஐப்பசியில மாரி துடங்கினா கிணறு விறுவிறெண்டு ஏறும், இறக்கின மோட்டரை ஆராவது நேரத்துக்கு மேல தூக்கவேணும், தூக்காட்டி அது தண்ணிக்குள்ள. வாங்கின புதுசில, 2018 மார்கழி வெள்ளத்தில, இரணைமடுக் குளத்துக் கதவு திறந்து ஊரெல்லாம் தண்ணி நிண்ட நேரம், எங்கட மோட்டர் கிணத்துக்குள்ள தாண்டு கிடந்தது. சனம் முகாமில இருக்கேக்க மோட்டரைப் பற்றிக் கதைக்க எனக்கே வெக்கமாக் கிடந்தது, ஒண்டும் கேக்கேல்லை.

வீட்டில இருந்துகொண்டு பாத்தா இது ஒரு சோலியே இல்லை. வானம் இருட்டினா நீங்களே ரெண்டு பெடியளைக் கூப்பிட்டுத் தூக்கிப்போடுவியள். தூரத்தில இருக்கிறவனுக்கு அது நாலு பேரோட போனில கதைக்கிற வேலை, மோட்டர் வேலைக்காரர் "நாளைக்கு வாறன் தம்பி" எண்டுவார், அந்த நாளை வர மழை விட்டிடும்.

தண்ணிக்குள்ளயே இறக்கி வைக்கிற சப்மேர்சிபிள் மோட்டரை ஏன் போடேல்லை எண்டு கேப்பியள். போட்டனான். கிணத்தில தண்ணி குறைஞ்சா தானா நிக்கிறதுக்கு மிதவைச் சுவிச்சும் சேர்த்துத்தான் போட்டது, அதுக்கு வேற காசு. ஒரு வருசம் சத்தமே இல்லை, நானும் வீடு வைச்சிருக்கிறன் எண்டதையே மறந்து திரிஞ்சன். இந்த ஆவணியில பழையபடி ஆறு மணிப் போன். வேலைக்காரர் கழட்டிப் பாத்திட்டு வீடியோ எடுத்து அனுப்பினவர்: சிவப்பு வயரும் கறுப்பு வயரும் சுவிச்சைச் சுத்திப்போய் நேரடியா முறுக்கி, மேல இன்சுலேசன் ரேப், அதுக்கு மேல ஒரு ஷொப்பிங் பாக், வடிவா றப்பர் பாண்ட் போட்டு. மோட்டர் பாதியில பாதியில நிக்குது எண்டு வாடகைக்கு இருக்கிறவை ஆரோ தெரிஞ்ச பெடியனைப் பிடிச்சுச் செய்வித்திருக்கினம். நிக்கிறதுக்குத்தானே ஐயா அதைப் போட்டது! தண்ணியில்லாத கிணத்தில ஓடி ஓடிக் கொயில் கருகிப்போச்சு.

நியாயத்துக்கு, அவையின்ர பக்கமும் இருக்கு. வீட்டில கைக்குழந்தை, அந்த வெக்கை, சுவிச் விழுந்தா கிணறு ஊறுமட்டும் பாத்துக்கொண்டிருக்கவேணும், ஒருத்தரும் ஆசைக்கு வயரை முறுக்கேல்லை. ஆனா ஒரு போன் அடிச்சிருக்கலாம்தானே. ஒப்பந்தத்தில சின்னத் திருத்தம் இருக்கிறவைக்கு, பெரிசு வீட்டுக்காரருக்கு எண்டு லோயர் எழுதியிருக்கிறார், மோட்டர் சின்னனோ பெரிசோ எண்டு எழுதேல்லை. காசு நான்தான் குடுத்தனான். மாத்தி மாத்திக் கதைச்சுப்போட்டு நல்ல குடும்பத்தை எழுப்பினா அடுத்து வாறது எப்பிடியோ தெரியாது.

மிச்சத்தைக் கெதியாச் சொல்லுறன். மச்சான், நீ கனேடியப் பிரஜை மட்டும் எண்டா 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்க காணி உன்ர பேருக்கு எழுதேலாது, முதல்ல இரட்டைப் பிரஜாவுரிமையை எடு. அடுத்தது, வன்னியில கன இடத்தில பெர்மிட் காணிக் கதைதான், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி, பிரதேச செயலாளரின்ர அனுமதி இல்லாமல் அது கை மாறேலாது, உறுதிக் காணி, சொந்தப் பத்திரம் இருக்கு எண்டு வாயால சொன்னா நம்பாமல் காணிப் பதிவுக் கந்தோரில தேடிப் பார். வாடகை ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னாலதான் எழுதவேணும், ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு 1840ஆம் ஆண்டில இருந்தே அதுதான் சட்டம், கடையில வாங்கின போமில கையெழுத்துப் போட்டு வேலையில்லை. கரண்ட் பில் உன்ர பேரில இருக்கும், 2022 ஆவணியிலயும் 2023 மாசியிலயும் ஏத்தின மாதிரி ஏத்திற காலத்தில நிலுவையோட ஆரும் எழும்பிப் போனா சின்னக் காசில்லை, கணக்கு நம்பரை வைச்சு மாசா மாசம் பாத்துக்கொள். குரங்கு ஓடு பிரட்டுறது தனிக் கதை, முன்வீட்டு அக்காவிட்டைத் திறப்பும் ஒரு அடுக்கு ஓடும் குடுத்து வைச்சிருக்கிறன், அவ இல்லாட்டி இந்த வீடு எப்பவோ வித்திருக்கும். சம்பளம் எண்டு ஒண்டும் வாங்கமாட்டா, பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் குடுத்தா பேசாமல் வாங்குவா.

வாடகை ஒழுங்கா வருது, ஆக்கள் நல்லம், காணி விலையும் நான் வாங்கினதை விட ஏறித்தான் நிக்குது. எல்லாம் சரி, எண்டாலும் இண்டைக்குக் கேட்டா வாங்காதை எண்டுதான் சொல்லுவன். காசைப் பாங்கில போட்டிட்டுப் படு, பாங்குக் கணக்கு விடிய ஆறு மணிக்குப் போன் அடிக்காது. தைப்பொங்கலுக்குப் பிறகு கேட்டிருந்தா வேற மாதிரிச் சொல்லியிருப்பன், அப்ப கிணறு வாய்மட்டும் நிக்கும்.

இல்லை, வாங்கத்தான் போறன் எண்டா வீடு பாக்க மார்கழி லீவில வராதை. ஆவணிக் கடைசியில வா. ஒரு நூலில கல்லைக் கட்டிக் கிணத்துக்குள்ள விட்டு அள. 25 அடிக்குள்ள தண்ணி நிண்டா பிறகு உறுதியைக் கேள்.