ஒரே படிவம், பல வங்கிகள்: நான்கு ஆண்டு கட்டிய பிறகு ஒரு கார் கடன் கணக்கு

பட்டர்வொர்த்தில் வீடு, கடல் தாண்டி பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலை. எந்தப் பாலத்தில் போனாலும் கார் இல்லாமல் பிழைப்பு ஓடாது. 2022 தொடக்கத்தில் அதிகம் ஓடாத பழைய மைவி ஒன்றை 45,000 ரிங்கிட்டுக்கு வாங்க முடிவு செய்தேன். பல வங்கிகளின் வட்டி விகிதத்தை ஒரே படிவத்தில் கேட்டுத் தரும் இணையச் சேவை ஒன்றில் விவரங்களைக் கொடுத்தேன். தவணை கட்டத் தொடங்கி நான்கு ஆண்டு ஆகிவிட்டது. இப்போதுதான் அந்தச் சேவையைப் பற்றி நியாயமாகப் பேச முடியும்.

படிவம் எளிது, அதன் பின்விளைவுதான் தொல்லை. மறுநாள் காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. கார் கடன் பேசியவர் சிலர், கடன் அட்டை விற்றவர் சிலர். இன்றும் மாதத்திற்கு ஓர் அழைப்பாவது வருகிறது. உபரி எண் ஒன்று வைத்திருப்பவர்கள் அதையே கொடுங்கள்.

திரையில் வந்த மிகக் குறைந்த விகிதம் 3.2 விழுக்காடு. சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை எல்லாம் போய்ச் சேர்ந்ததும் அதே வங்கி 3.5 என்றது. இன்னொரு வங்கி காரைத் தன் கணக்கில் 42,000 என்று மதிப்பிட்டு, அதில் 90 விழுக்காடுதான் தருவேன் என்றது. வங்கி போடும் மதிப்பை எந்தப் படிவமும் முன்கூட்டிச் சொல்லாது.

ஆனாலும் அந்த 3.5 வீண்போகவில்லை. ஜூருவில் கார் விற்ற இளைஞர், "அண்ணே, பழைய காருக்கு 3.9க்குக் கீழே கிடைக்கவே கிடைக்காது" என்று அடித்துச் சொன்னார். கைப்பேசியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஒரு முறை படித்தார், விரலால் மேலே தள்ளி வங்கியின் பெயரைப் பார்த்தார், உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவருடைய வங்கியும் 3.5க்கு இறங்கியிருந்தது. கடன் பிடித்துக் கொடுப்பதில் விற்பனையாளருக்கும் தரகு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த அதிசயம் புரியும். அவரிடமே கடன் எடுத்தேன். 40,000 ரிங்கிட்டுக்கு 7 ஆண்டில் மிச்சம் 1,120. அந்தச் சேவையால் எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். ஒரு காசும் கட்டணம் இல்லாத சேவைக்கு அது நல்ல லாபம்.

விகிதத்தைவிடப் பெரிய விஷயத்தை அந்தத் திரை பேசவே இல்லை. எல்லா மதிப்பீடும் 9 ஆண்டுக்குப் போட்டு, மாதத் தவணையை மட்டும் பெரிய எழுத்தில் காட்டியது. 3.5 விழுக்காட்டில் 9 ஆண்டுக்கு வட்டி 12,600 ரிங்கிட். 7 ஆண்டுக்கு 9,800. மாதம் 487க்குப் பதில் 593 கட்ட வேண்டும். வங்கிகளின் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் இந்த 2,800 படாது. தவிர, இந்த 3.5 முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை ஓடும் விகிதம். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் 6 விழுக்காட்டைத் தாண்டும்.

நிலையான வட்டிக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. 2022 மே முதல் 2023 மே வரை மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டியை 1.75இலிருந்து 3 விழுக்காட்டுக்கு ஏற்றியபோது என் தவணை அசையவில்லை. வீட்டுக் கடன் வைத்திருந்த நண்பர்கள்தாம் முணுமுணுத்தார்கள்.

விண்ணப்பிக்கும் முன் நம் கடன்களையும் நிலுவைகளையும் காட்டும் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை இலவசமாக எடுத்துப் பார்ப்பது நல்லது. என் மச்சானுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். ஆனால் படித்த காலத்து பி.டி.பி.டி.என். கல்விக் கடனில் நிலுவை இருந்தது. அதே படிவத்தை நிரப்பியவருக்கு வந்த பதில்கள் சொற்பம். பதில் தந்தவர்களும் ஜாமீன் கேட்டார்கள்.

கடந்த மாதம் கையில் கொஞ்சம் பணம் புரண்டது. கடனை முன்கூட்டியே முடித்துவிடலாமா என்று வங்கியில் கேட்டேன். மீதி 36 தவணை, 21,343 ரிங்கிட். வட்டியில் கழிவு ஏறத்தாழ 1,828 மட்டும். காலத்தில் ஏழில் மூன்று பங்கு மிச்சம் இருக்கிறதே, வட்டியிலும் அதே பங்கு, 4,200, குறையும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். '78 விதி' என்ற கணக்குப்படி வட்டியின் பெரும்பகுதி முதல் ஆண்டுகளிலேயே வசூலாகிவிடுகிறது. கவுண்டரில் இருந்த பெண் அட்டவணையை அச்செடுத்து, வட்டிப் பத்தியில் மேலிருந்து கீழாகப் பேனாவால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். மேலே மூன்று இலக்கம், அடியில் ஒற்றை இலக்கம். பணத்தைச் சேமிப்பிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது தங்கை பெசா கார் வாங்கப் பார்க்கிறாள். அதே சேவையில்தான் விகிதம் கேட்கச் சொன்னேன், ஆண்டுகளின் எண்ணிக்கையை முதலில் 5க்கு மாற்றிவிட்டு.