அக்குளில் நெறி கட்டியபோது யாரிடம் போவது: நான் பார்த்த மூன்று மருத்துவர்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து 4 வருடம் ஆகிறது. ஒரு நாள் குளிக்கும்போது, அறுவை நடந்த அதே பக்க அக்குளில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. காலில் முள் குத்தினாலும் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்தான், ஆனால் ஒரு முறை புற்றுநோய் வந்துபோன உடம்பில் அப்படி நினைத்துக்கொண்டு இருக்க முடிவதில்லை. யாரிடம் போவது என்ற குழப்பத்திலேயே எனக்கு மூன்று வாரம் போய்விட்டது. அது உங்களுக்கும் நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் போனது வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம். அன்பான மனிதர், 5 நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். ஆனால் கையில் புண் ஏதும் இருக்கிறதா, முன்பு அறுவை எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை, குறையாவிட்டால் எப்போது திரும்ப வரவேண்டும் என்றும் சொல்லவில்லை. பொது மருத்துவரிடம் போவதே தவறு என்று சொல்ல மாட்டேன். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் அடித்தால் அது தோலுக்கடியில் பரவும் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே அருகில் இருக்கும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். என் நெறியில் வலியே இல்லை, மாத்திரை முடிந்தும் அப்படியே இருந்தது.

அடுத்து ஒரு பொது சர்ஜன். தொட்டுப் பார்த்தார், “சின்ன கட்டிதான், எடுத்துவிடலாம்” என்று அறுவைக்குத் தேதியே கொடுத்துவிட்டார், ஸ்கேன்கூட எடுக்காமல். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம். ஏற்கெனவே அறுவையும் கதிர்வீச்சும் பட்ட அக்குளில் மறுபடி கத்தி வைத்தால் கை வீங்கும் அபாயம் கூடும். முதலில் ஸ்கேன், சந்தேகம் என்றால் ஊசியால் பயாப்ஸி (கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது), அதுதான் முறை. நல்லவேளை, கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எனக்கு அறுவை செய்த புற்றுநோய் சர்ஜனின் ஃபாலோ-அப் பிரிவுக்கு ஃபோன் செய்தேன். அடுத்த செக்கப்புக்கு நாள் இருக்கிறதே என்று அதுவரை தயங்கிக்கொண்டிருந்தேன் (உண்மையில் பயம்). “பழைய நோயாளி, அக்குளில் நெறி, மூன்று வாரமாகக் குறையவில்லை” என்றதும் மூன்றாம் நாளே நேரம் கொடுத்தார்கள்.

அங்கே பார்த்த விதமே வேறு. இரண்டு அக்குள், கழுத்தின் இரு பக்கம், காறை எலும்புக்கு மேல், தழும்பு என்று எல்லா இடத்தையும் தடவிப் பார்த்தார். எலும்பு வலி, மூச்சுத் திணறல், எடை குறைவு உண்டா, சமீபத்தில் தடுப்பூசி போட்டீர்களா, எந்தக் கையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோவிட் தடுப்பூசி வந்தபோது போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டி, ஸ்கேன் ரிப்போர்ட்களில் நிறையப் பேருக்குக் குழப்பம் வந்ததாம். விரலில் நகச்சுற்று வந்து ஆறியதை அவர் கேட்ட பிறகுதான் நானே யோசித்துச் சொன்னேன். காறை எலும்புக்கு மேலோ கழுத்திலோ கட்டினால் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, உடனே வரவேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

உடம்பு முழுக்கப் புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேனும், மார்பகப் புற்றுநோய்க்கான சிஏ 15-3 ரத்தப் பரிசோதனையும் எடுக்கலாமா என்று கேட்டேன். தொற்று இருந்தாலும் பெட் ஸ்கேனில் ஒளிரும், நோய் திரும்பியிருந்தும் அந்த ரத்த அளவு சரியாகவே இருக்கலாம், அதனால் முதலில் அல்ட்ராசவுண்ட் என்றார். ஸ்கேனில், நெறி கட்டியிருந்த நிணநீர் முடிச்சின் வெளிப்புற அடுக்கு தடித்திருந்தது, அது சந்தேகத்துக்கு இடம் தரும். அதே வாரம் மரத்துப்போக ஊசி போட்டு கோர் பயாப்ஸி எடுத்தார்கள். மெல்லிய ஊசியில் செல்கள் மட்டும்தான் வரும், இதில் சதைத் துணுக்கே கிடைக்கும். ஒருவேளை புற்றுநோய் என்று வந்தால், எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று காட்டும் இஆர், பிஆர், ஹெர்2 மூன்றையும் திரும்பப் பார்க்கலாம், அவை பழைய ரிப்போர்ட்டிலிருந்து மாறியிருக்கவும் கூடும் என்பதால்தான் அப்படி.

முடிவில் புற்று இல்லை, தொற்றுக்கு எதிராகப் பெருத்த முடிச்சு. அதோடு விடாமல், பயாப்ஸி முடிவும் ஸ்கேனில் தெரிந்ததும் ஒத்துப்போகிறதா என்று ஸ்கேன் எடுத்த மருத்துவரிடம் பேசிவிட்டு, 6 வாரத்தில் மறு ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்.

அப்புறம், கையே வீங்குவது வேறு விஷயம். அது லிம்ஃபெடீமாவாக (நிணநீர் தேங்கி வரும் வீக்கம்) இருந்தால், அதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் வேண்டும். ஆனால் வருடங்கள் கழித்துப் புதிதாக வீங்கினால் முதலில் புற்றுநோய் மருத்துவர் அக்குளைப் பார்த்துவிடட்டும்.

பொது மருத்துவருக்கு 5க்கு 2, அந்த சர்ஜனுக்கு 1, புற்றுநோய் சர்ஜனுக்கு 4. கடைசியில் ஒன்று குறைத்தது, ரிப்போர்ட் வந்த அன்று ஃபோனில் “நேரில் வாங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டதால். நேரில் போகும்வரை இரண்டு இரவும் நான் தூங்கவே இல்லை.