வெள்ளத்தில் நனைந்த வயரிங்: காயவைப்பதா, புதிதாக இழுப்பதா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து, சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடுகளில் புகுந்த நீர் வடிந்தபோது, தெருவுக்குக் கரண்ட் வந்த பிறகும் பல வீடுகளில் மெயின் சுவிட்சைப் போடத் தயங்கினார்கள். நனைந்த வயர்களைக் காயவைத்து அப்படியே பயன்படுத்துவதா, கழற்றிவிட்டுப் புதிய வயர் இழுப்பதா என்பதே எல்லோரும் எலக்ட்ரீஷியனிடம் கேட்ட கேள்வி. இடுப்பளவு நீர் நின்ற எங்கள் தரைத்தளத்தில் நான் புதிய வயர் இழுத்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

இரண்டு வழிக்கும் பொதுவானவற்றில் விவாதமே இல்லை. நீரில் மூழ்கிய எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி), சுவிட்ச், பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும். மீட்டர் மின்வாரியத்தின் சொத்து என்பதால் அதன் சீலில் கை வைக்கக் கூடாது. மூழ்கியிருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதே முறை.

காயவைப்பதன் நன்மை செலவிலும் வேகத்திலும் இருக்கிறது. போர்டுகளைத் திறந்து, சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, பைப்புகளுக்குள் புளோயரால் காற்றடித்து, ஈரம் போகும்வரை விட்டுவைத்து, பிறகு மெக்கர் கருவியால் 500 வோல்ட் டிசியில் இன்சுலேஷனை, அதாவது வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்பதை, சோதிப்பார்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். சோதிக்கும் முன் எல்இடி விளக்குகள், மின்விசிறி ரெகுலேட்டர், பிளக்கில் மாட்டிய சாதனங்கள் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அளவும் தவறும், சாதனங்களும் போகும். நல்ல மழைநீர் கணுக்கால் அளவு புகுந்து சில மணி நேரத்தில் வடிந்த வீட்டுக்கு, அதுவும் வயர்கள் மேல்தளத்திலிருந்து இறங்கி வந்து கீழே ஒன்றிரண்டு பிளக் பாயின்ட் மட்டும் நனைந்த வீட்டுக்கு, இது போதும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் நகரத்து வெள்ளம் வெறும் மழைநீர் அல்ல, சாக்கடையும் சேர்ந்த சேற்றுநீர். எங்கள் கூடத்தின் கீழ் பிளக் பாயின்ட்டிலிருந்து உருவிய வயர் வெளியே பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. முனையில் உறையைச் சீவியபோது, உள்ளே செம்புக் கம்பிகள் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துப் பச்சை பூத்திருந்தன. இழைகளுக்கு நடுவே நீர் ஏறிச் சென்றிருக்கிறது. எவ்வளவு காற்றடித்தாலும் அது அங்கிருந்து எளிதில் வெளியேறாது. அப்படிக் கெட்ட முனையைப் புதிய பிளக்கில் முடுக்கினால், தொடுப்பு சரியாக அமையாமல் சூடேறும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிவிடலாமே என்றால், சுவருக்குள் பதித்த வயரில் அவ்வளவு நீளம் மிச்சம் இருக்காது. பைப்புக்குள் ஒட்டுப்போடுவதோ எல்லாவற்றிலும் மோசம்.

இதைவிட எனக்குத் தீர்மானமாகப் பட்டது, பின்னால் வரும் ஆர்சிசிபி தொல்லை. ஃபேஸில் போன மின்னோட்டத்துக்கும் நியூட்ரலில் திரும்பியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கும் அந்தக் கருவி, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டும் முன்பே கூட டிரிப் ஆகி, இணைப்பைத் துண்டித்துவிடும். காய்ந்த சேற்றில் எஞ்சிய உப்புகள் மே மாத வெயிலில் அடங்கிக் கிடக்கும். மெக்கரும் நல்ல அளவே காட்டும். ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் அவை ஈரத்தை இழுத்துக்கொள்ள, ஒவ்வொரு சர்க்யூட்டிலும் சிறிது சிறிதாக எர்த்துக்குக் கசிந்து, மொத்தத்தில் நள்ளிரவில் வீடே இருண்டுபோகும். எந்தப் பெட்டியில் கோளாறு என்று தேட ஒவ்வொரு முறையும் ஆள் கூப்பிட்டுச் சலித்த வீட்டுக்காரர், கடைசியில் ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லிவிடுவார். காயவைத்ததில் மிச்சமான பணத்துக்கு உண்மையான விலை அதுதான்: ஈரத் தரையில் நிற்பவரின் உயிரைக் காக்கும் ஒரே கருவி இல்லாமல் போகிறது.

புதிய வயர் இழுக்கச் சுவரை முழுதும் உடைக்க வேண்டியதில்லை. பழைய வயரின் முனையில் புதியதைக் கட்டி, ஒருவர் மேலிருந்து தள்ள, மற்றவர் கீழிருந்து இழுத்தால் பெரும்பாலான பைப்புகளில் வந்துவிடும். வளைவில் சேறு அடைத்த ஓரிடத்தில் மட்டும் கொத்த வேண்டியிருந்தது. வேலையோடு வேலையாக, பிளக் பாயின்ட்டுகளையும் எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸையும் சுவரில் வெள்ளக்கறை படிந்த கோட்டுக்கு மேலே ஏற்றினோம். தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி எம்சிபியும் ஆர்சிசிபியும் வைத்ததால், தரைத்தள இணைப்பை அணைத்துவிட்டு மாடிக்கு மட்டும் கரண்ட் கொடுக்க முடிகிறது. காயவைக்கும் வழியில் இந்தப் பிரிப்பை யாரும் செய்வதில்லை.

செலவு பல மடங்கு அதிகம் என்பதை மறைக்க முடியாது. அதிலும் வயரைவிடக் கூலிதான் கூடுதல். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது தேர்வே அல்ல, உரிமையாளர் எடுக்க வேண்டிய முடிவு. கடல்நீர் புகுந்த வீடுகளையும் மும்முனை இணைப்பு உள்ள பெரிய வீடுகளையும் நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. எங்கள் வயரிங்கும் இன்னொரு பெருவெள்ளத்தைச் சந்திக்கவில்லை என்பதால், நீண்டகாலம் எப்படி உழைக்கும் என்று உறுதி கூற மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனையே வையுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டின் மெக்கர் அளவையும் தேதியோடு எழுதி டிபி கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். ஐப்பசியில் ஒருமுறை மீண்டும் அளந்தால், எந்தச் சர்க்யூட்டின் அளவு குறைந்துவருகிறது என்பது டிரிப் ஆகத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.