எரியும் மனிதரும் கைகுலுக்கலும்: ‘விஷ் யூ வேர் ஹியர்’ உறையுடன் பல ஆண்டுகள்

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு 1975 செப்டம்பரில் வெளியிட்ட ‘விஷ் யூ வேர் ஹியர்’ இசைத்தட்டைப் பழைய பிரதியாக வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தட்டைச் சுழலவிட்ட நேரத்தைவிட அதன் உறையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமே அதிகம் என்று தயங்காமல் சொல்வேன்.

படப்பிடிப்புத் தளத்தின் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே, கோட் சூட் அணிந்த இருவர் கைகுலுக்குகிறார்கள். அவர்களில் வலப்பக்கம் நிற்பவர் எரிந்துகொண்டிருக்கிறார். எதிரே நிற்பவரிடம் சிறு பதற்றம்கூட இல்லை. கலிஃபோர்னியாவின் பர்பாங்கில், வார்னர் பிரதர்ஸ் திரைப்பட வளாகத்தில், இசைத்தட்டு உறைகளை வடிவமைத்த ஹிப்னாசிஸ் நிறுவனத்தின் ஆப்ரி பவல் எடுத்த படம் இது. தீ உண்மையானது. ரானி ராண்டெல் என்ற சண்டைக் கலைஞர் தீக்காப்பு உடைக்குமேல் சூட் அணிந்து நின்றார். காற்று எதிர்ப்பக்கமாக வீசி அவருடைய மீசை கருகியதால், இருவரும் இடம் மாறி நின்றனர். அச்சில் படம் இடவலமாகத் திருப்பப்பட்டது. இதை அறிந்த பிறகுதான், எரியும் மனிதரின் தோளிலிருந்து தீ பின்னோக்கிச் சாய்வதைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆனால் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை விளிம்புதான். படத்தின் வலது ஓரம் கருகியிருக்கிறது. அதாவது, உள்ளே எரியும் தீ புகைப்படத்தாளையே தொட்டுவிட்டது. கைப்பேசித் திரையில் இது ஏறத்தாழ மறைந்துவிடுகிறது, 12 செ.மீ. குறுந்தகட்டு அட்டையில் ஏதோ அச்சுக் கறைபோலத் தெரிகிறது. 12 அங்குல உறையில்தான் அதன் பொருள் முழுமையாகப் புலப்படுகிறது.

குழுவை நிறுவியவர்களுள் ஒருவராக இருந்து பின்னர் பிரிந்த சிட் பேரட்டின் இன்மையும், இசை வணிகத்தின் உள்ளீடற்ற உறவுகளுமே இத்தொகுப்பின் கரு. பின்னட்டையில் பாலைவனத்தில் நிற்கும் முகமற்ற விற்பனையாளருக்கு மணிக்கட்டும் கணுக்காலும்கூட இல்லை. ஆடை மட்டுமே நிற்கிறது. உறையை வடிவமைத்த ஹிப்னாசிஸின் ஸ்டார்ம் தார்கர்சன் இந்த எண்ணத்தை எவ்வளவு தூரம் கொண்டுசென்றார் என்றால், உறை முழுவதையும் கருநிற நெகிழித்தாளால் மூடி, படத்தையே வாங்குபவரின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார். வெளியே தெரிந்தது, ஜார்ஜ் ஹார்டி வரைந்த இரு இயந்திரக் கைகள் குலுக்கும் ஒட்டுச்சீட்டு மட்டுமே. இசைத்தட்டு நிறுவனம் விரும்பாத இந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை விளிம்பில் விரல் அழுக்கு விரைவில் படிகிறது, உள்ளிருக்கும் தட்டின் வட்டத் தடமும் நாளடைவில் அட்டையில் பதிந்துவிடுகிறது. ஒளி ஊடுருவும் வெளியுறை ஒன்றைப் போட்டு, நிமிர்த்தியே வைப்பது நல்லது. பழைய பிரதி வாங்குவோர், கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் சிற்றலைகூட எழாமல் ஒருவர் தலைகீழாக மூழ்கியிருக்கும் அஞ்சலட்டை உள்ளே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். என் பிரதியில் அது இல்லை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.