மளிகைச் செலவைக் குறைக்க ஒரு தராசு: எட்டு மாத அனுபவம்

கேக் செய்யத் தெரியாத வீட்டில் சமையலறைத் தராசு எதற்கு? பெட்டியைப் பிரிக்கும்போதே மனைவி கேட்டுவிட்டாள், "நகைக்கடை வைக்கப் போறீங்களா?" என்று. மளிகைச் செலவைக் குறைக்கத்தான் என்றதும் சிரிப்பு இன்னும் கூடியது. எட்டு மாதம் ஆகிறது. தராசு இன்னும் அடுப்பு மேடையில்தான் இருக்கிறது.

கண்ணாடித் தட்டு, 5 கிலோ வரை தாங்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும். காலிப் பாத்திரத்தை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் பாத்திர எடை கழிந்து பூஜ்யம் வரும். வந்த அன்றே அளவுக் குவளையில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து வைத்தேன். 998 என்றது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோவைவிடச் சில கிராம் குறைவாகத்தான் இருக்கும். சரி, நம்பலாம்.

உண்மையைச் சொன்னால், கடைக்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இதை வாங்கினேன். முதல் வாரம் பாக்கெட் பாக்கெட்டாக எடை போட்டேன். ஒருவரும் சிக்கவில்லை. உறைந்த இறால் மட்டும் ஐஸ் உருகி வடிந்தபின் நன்றாகவே இளைத்திருந்தது. போனைப் போட்டுச் சண்டை பிடிக்கலாம் என்று உறையைத் தேடி எடுத்தால், ஐஸ் நீங்கலான எடை பொடி எழுத்தில் அதிலேயே இருக்கிறது. டின் கொண்டைக்கடலையும் அதே கதைதான். நிகர எடை 400 கிராம், தண்ணீரை வடித்தால் 240. உலர்ந்த கடலையோடு விலையை ஒப்பிடும்போது 400ஐ வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது என் தப்பு.

பணம் போன வழி வேறு. ஒரு மாதம், குப்பைக்குப் போகிற உணவை எல்லாம் முதலில் தராசில் வைத்து எழுதினேன். (வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை.) உருளைக்கிழங்கு 5 கிலோ மூட்டையாக எடுத்தால் கிலோவுக்கு 20 சதவீதம் மலிவு. அதாவது நாலு கிலோ காசுக்கு ஐந்து கிலோ. அதில் முளைவிட்டதும் பச்சை பூத்ததும் அழுகியதுமாக 1,400 கிராம் வெளியே போனது. தின்றது 3,600 கிராம். நாலு கிலோவுக்குக் காசு கொடுத்து மூன்றரைச் சொச்சம் தின்றிருக்கிறோம். சில்லறையாக வாங்கியிருந்தால் அந்த 400 கிராம் மிச்சம். இத்தனை வருஷமாக அந்த மூட்டையை லாபம் என்று தோளில் சுமந்து வந்திருக்கிறேன்!

அப்புறம் சோறு. மூன்று பேருக்கு டம்ளரால் குத்துமதிப்பாக அளந்து போடுவோம், தினமும் ஒரு கிண்ணம் மிஞ்சும். அதை எடை போட்டால் 200 கிராமுக்குக் குறையாது. அரிசி வெந்தால் இரண்டரை, மூன்று மடங்காகும். ஆகவே ஒவ்வொரு நாளும் 70 கிராம் அரிசி அதிகம். இப்போது அரிசியை எடை போட்டே உலையில் போடுகிறோம். எனக்குத் தராசின் விலை திரும்பி வந்தது அனேகமாக இந்த ஒரு விஷயத்தில்தான்.

குறைகளும் உண்டு. இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடும். பாதி கொட்டிக்கொண்டிருக்கும்போது கதவு மணி அடித்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். பெரிய சட்டியை வைத்தால் எண் தெரியாது, குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் என்று பேர்தான், இரண்டு மூன்று கிராம் மிளகுத்தூளுக்கெல்லாம் அசையவே அசையாது. ஈரக் கை பட்டால் பொத்தான் முரண்டு பிடிக்கும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். வாங்குகிறவர்கள் எண் பலகை வெளியே இழுக்க வருகிற மாடலாகப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்றும் வீணாவதில்லை என்றால் இது வேண்டாம். ஆனால் அதை முடிவு செய்வதற்கு முன் ஒரு வாரம் யாரிடமாவது தராசை இரவல் வாங்கிப் பாருங்கள்.