மினியாபொலிஸ் பனிக்கு ஷவலா, ஸ்னோ ப்ளோயரா?

அமெரிக்காவின் மினியாபொலிஸ், ஆண்டுக்குச் சராசரியாக 50 அங்குலத்துக்கு மேல் பனி விழும் ஊர். பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நகர விதி. பனியைக் கையால் அள்ளும் ஷவல் வாங்குவதா, அள்ளி வீசும் ஸ்னோ ப்ளோயர் மெஷின் வாங்குவதா என்ற கேள்வி முதல் குளிர்காலத்திலேயே வந்துவிடும்.

செலவு: நல்ல ஷவல் 30, 40 டாலர்தான். சின்ன ப்ளோயரே சில நூறு டாலர். இரண்டு கட்ட பெட்ரோல் மெஷின் (ஒரு சுழலி பனியை அள்ளும், இன்னொன்று தூக்கி வீசும்) ஆயிரத்தைத் தொடும்.

பராமரிப்பு: ஷவலுக்கு ஒன்றுமில்லை. பெட்ரோல் ப்ளோயருக்கு ஆயில், பழைய பெட்ரோலை வடிப்பது, கராஜில் இடம். ப்ளோயரில் பனி அடைத்துக்கொண்டால் அணைத்துவிட்டுக் குச்சியால்தான் எடுக்க வேண்டும், கையை விடவே கூடாது.

உழைப்பு: தூள் பனி என்றால் ஷவலே போதும், குழந்தைகளும் சேர்ந்துகொள்வார்கள். மார்ச் மாத ஈரப் பனி அப்படியல்ல. அதைவிட மோசம், நகராட்சி வண்டி சாலையை வழித்துவிட்டு நம் டிரைவ்வே (வீட்டுக்குக் கார் வரும் பாதை) வாசலில் குவித்துப் போகும் கெட்டி மேடு. சின்ன மின்சார ப்ளோயர் அதில் திணறும். இதய நோய் உள்ளவர்கள் ஷவலைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அக்கம்பக்கம்: ப்ளோயர் வைத்திருப்பவர் அப்படியே அடுத்த வீட்டு நடைபாதையையும் ஓட்டிவிடுவது இங்கே வழக்கம். ஆனால் காலை ஐந்தரைக்கு பெட்ரோல் மெஷினைக் கிளப்பினால் தெருவே முறைக்கும்!

சின்ன வாசல், நல்ல முதுகு என்றால் ஷவல். மூலை வீடு, இரண்டு கார் டிரைவ்வே என்றால் இரண்டு கட்ட ப்ளோயர். அப்போதும் படிக்கட்டுக்கு ஒரு ஷவல் வேண்டும்.